ஐந்து நிமிட வைத்தியம்

"வெளியே போயிட்டு உள்ளே வாங்க" என்று சொல்லிவிட்டு, ஹெட்போனின் ஒலிவாங்கியைக் கன்னத்திலிருந்து விலக்கி, ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறார் அண்ணன். இன்று காலையில் மட்டும் இது பதினோராவது முறை. எதிர்முனையில் இருப்பவர்கள் நிஜமாகவே எழுந்து வாசலுக்குப் போய்விடுவதும் உண்டு. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டுத் திரும்பி வந்து, "வந்துட்டேன், இப்ப என்ன பண்ணணும்?" என்று மூச்சு வாங்கக் கேட்டார். அன்றிலிருந்து அண்ணன் "வெப்சைட்டை விட்டு" என்று முன்னால் இரண்டு சொல் சேர்த்துக்கொள்கிறார். அவசரத்தில் அதுவும் மறந்துபோகிறது.

அலுவலகத்தில் அவருக்கு ரெஃப்ரெஷ் அண்ணன் என்று பெயர். டயர் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் எழும்போது பேச்சை நிறுத்தி, அது அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஏழு பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு வெப்சைட் நடத்துகிறார்கள். ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் மறுநாள் வீட்டிலிருந்தே முடிவைப் பார்த்துக்கொள்ளலாம். பார்க்க முடியாதவர்கள் அண்ணனைக் கூப்பிடலாம். ஆறு பேர் எழுதுகிற புரோகிராமுக்கு ஒருத்தன் திட்டு வாங்குகிறான், அந்த ஒருத்தன் நான் என்பது தன் வேலையைப் பற்றி அவர் தரும் விளக்கம்.

வயது நாற்பத்தொன்பது. இதற்கு முன்னால் பதினைந்து வருடம் பிரிண்டர் ரிப்பேர். "அங்க மெஷினை நாலு தட்டு தட்டுனா ஓடும். இங்க ஆளைத் தட்ட முடியாது, அதான் ரெஃப்ரெஷ் பண்ணச் சொல்றேன்" என்பார்.

அவருடைய வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். என்ன நோய் என்றாலும் அதே மருந்து. முதலில் வெளியே வந்து உள்ளே போகணும். அடுத்து பிரவுசரில் சேர்ந்துகிடக்கும் பழைய நகல்களை அழிக்கணும். பிறகு போனையே அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போடணும். நடுவில் உங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். அது போனுக்கு இல்லை, கோபத்துக்கு.

பழைய நகல் என்ற சொல்லுக்கு அவர் வந்து சேர்ந்ததே தனிக் கதை. ஆரம்பத்தில் எல்லோரையும் போலக் கேஷ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். "முதல்ல கேஷை அழிச்சிடுங்க" என்றதும் ஒரு முதியவர், "காசையெல்லாம் எதுக்குங்க அழிக்கணும், வேணும்னா மகன்கிட்ட குடுத்துடுறேனே" என்றார். அதற்குப் பிறகு அண்ணன் மளிகைக் கடைக்காரரை உதாரணத்துக்கு இழுத்துக்கொண்டார். கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் குடோனுக்கு ஓடாமல் கொஞ்சம் சரக்கைக் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்திருப்பார் இல்லையா, பிரவுசரும் அப்படித்தான், பார்த்த பக்கத்தை ஒரு நகல் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். சில சமயம் புதுச் சரக்கு வந்த பிறகும் பழசையே எடுத்து நீட்டும். செஷன் என்பதற்கு சினிமா டிக்கெட். உள்ளே போகும்போது வெப்சைட் உங்களுக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறது, அதை வைத்துத்தான் நீங்கள் இன்னார் என்று அதற்குத் தெரிகிறது. இந்த இரண்டு உதாரணங்களையும் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லிச் சொல்லி, மளிகைக் கடையைக் கடந்து போனாலே அவருக்குத் தலை வலிக்கும்.

வீட்டிலும் இதே முறைதான். மனைவியோடு பேச்சு முற்றினால், சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய் நின்றுவிட்டு வருவார். திரும்பி வந்து, அப்போதுதான் ஆபீசிலிருந்து வருகிறவர் போல, "என்ன, டீ போட்டாச்சா?" என்பார். அந்த அம்மாள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவர். நாள் முழுக்க வலியில் இருப்பவர்களோடு பேசிப் பழகியவர். "நீங்க எத்தனை தடவை வெளியே போயிட்டு வந்தாலும் இங்க எதுவும் அழியாது" என்பார். பதினெட்டு வருடத்துக்கு முந்தைய சண்டையின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அவருக்கு நினைவிருக்கிறது. இதை அண்ணனே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

கீழே வரும் கதையையும் அவரே சிரித்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார். பாதியில் சிரிப்பு நின்றுவிடும்.

தினமும் காலை பத்து மணிக்குப் பரிசோதனை முடிவுகள் வெளியாகும். பத்து அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைய, வெப்சைட் மூச்சுத் திணறும். சர்வரில் சின்னச் சின்ன வேலைகளை அண்ணனும் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு வாரம் அங்கும் இங்கும் படித்து, ஒரு விதி எழுதினார். சர்வருக்கு முன்னால் வாசல்காவல்காரன் போல இன்னொரு புரோகிராம் நிற்கும். யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டால் அதை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த ஐந்து நிமிடத்துக்கு யார் கேட்டாலும் அந்த நகலையே கொடுத்து அனுப்பும். முகவரி, நேரம், விடுமுறை நாள் போன்ற பொதுப் பக்கங்களுக்குத்தான் அதை அவர் நினைத்தார். எழுதியதோ ஒரு வரி. அந்த வரி எதை எதை அள்ளிக்கொள்ளும் என்று உட்கார்ந்து பார்க்கவில்லை. மறுநாள் பத்து மணிக்கு வெப்சைட் பறந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். எழுத ஆறு பேர் இருக்க, போன் எடுக்கிற ஆள் சாதித்துவிட்டார் என்று மேலாளர் பேசினார். அண்ணன் அந்தப் படத்தைத் தன் கணினியின் முகப்பில் வைத்துக்கொண்டார். படத்தில் வாயில் கேக்கோடு இருக்கிறார்.

ஒரு மாதம் கழித்துத் தையல்கார அம்மாவின் முதல் அழைப்பு வந்தது.

அறுபது தாண்டிய குரல். பின்னணியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரருடைய முடிவுச் சுருக்கத்தை, அதாவது நல்லதென்றால் பச்சை, கெட்டதென்றால் சிவப்பு வட்டம் காட்டும் பக்கத்தைத் திறந்தால், கீழே சின்ன எழுத்தில் வேறு யாரோ பெயர் இருக்கிறது என்றார். அண்ணன் தன் வைத்தியத்தை ஆரம்பித்தார். வெளியே வாங்க, நகல்களை அழிங்க, போனை அணைங்க, முப்பது எண்ணுங்க, தண்ணி குடிங்க. கடைசியில் திறந்து பார்க்கச் சொன்னபோது பெயர் சரியாகிவிட்டிருந்தது. "பாத்தீங்களா, உங்க போன்லதாங்க கோளாறு" என்று முடித்தார். அடுத்த வாரம் மறுபடி அதே புகார், அதே வைத்தியம், அதே வெற்றி. மூன்றாவது தடவை, போனை மாற்றிவிடுங்கள் என்று ஆலோசனையும் கொடுத்தார்.

நான்காவது தடவை அந்த அம்மா தயங்கித் தயங்கிப் பேசினார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நீங்க சொன்னது எதையும் நான் இதுவரைக்கும் செஞ்சதே இல்லை. எனக்கு அதெல்லாம் தெரியாது. சும்மா சரி சரின்னு சொல்லிட்டு பட்டன் தைச்சுட்டு இருந்தேன். நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள அது தானா சரியாயிடுது."

  அண்ணன் தன் வைத்தியம் தொடங்கி முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று இத்தனை நாளில் முதல்முறையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆறு நிமிடம். காவல்காரன் நகலை வைத்திருப்பது ஐந்து நிமிடம்.

அந்த அம்மாவிடம், "கோளாறு உங்க போன்ல இல்லைங்கம்மா, நான் திரும்பக் கூப்பிடுறேன்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.  தன் போனில் தன் பெயரில் உள்ளே போய், சென்ற மாதம் கொடுத்த ரத்தத்தின் முடிவுச் சுருக்கத்தைத் திறந்தார். உடனே மேலாளரின் மேசைக்குப் போய், சோதனைக்காக வைத்திருக்கும் பொய்ப் பெயரில் அவருடைய கணினியில் உள்ளே போகச் சொன்னார். மேலாளர் அண்ணனைவிடப் பதினைந்து வயது இளைய பெண். கேள்வி கேட்காமல் செய்தார். திரையில் பெரிய சிவப்பு வட்டம் வந்தது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை, மருத்துவரைப் பார்க்கவும். அடியில் சாம்பல் நிறத்தில், எறும்பு அளவில், அண்ணனின் பெயர்.

அந்தக் கேக் ஒன்றைத் தவிர, சர்க்கரையை விட்டு ஒரு வருடம் ஆகிறது என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர் அவர். எட்டிப் பார்த்தவர்களின் பார்வை திரையிலிருந்து மெதுவாக இறங்கி, அவர் கையிலிருந்த பாதி பிஸ்கட்டில் வந்து நின்றது.

பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த விதியை அழித்தார். ஒரு வரியை அழிக்க இரண்டு விநாடி. விஷயம் விளங்கியதும் அவமானமாக இருந்ததே தவிர வியப்பாக இல்லை. முழு முடிவுக்கு ஆளுக்கொரு முகவரி உண்டு; சிலர் மட்டுமே திறக்கும் முடிவுச் சுருக்கப் பக்கத்துக்கு எல்லோருக்கும் ஒரே முகவரி. பார்ப்பது யார் என்பதை டிக்கெட்டைப் பார்த்துத்தான் சர்வர் தெரிந்துகொள்ளும். அவர் நிறுத்திய காவல்காரன் டிக்கெட்டைப் பார்ப்பதே இல்லை. ஒருவர் பார்த்த ஐந்து நிமிடத்துக்குள் இன்னொருவர் வந்தால், முன்னவருடைய வட்டத்தைப் பின்னவருக்கு எடுத்துக் கொடுத்துவிடுவான்.

மதியம் வரைக்கும் சர்வரின் குறிப்புகளைத் தோண்டினார்கள். இரண்டு மாதத்தில் நாற்பத்தொரு பேர் பிறருடைய சுருக்கத்தைப் பார்த்திருந்தார்கள். நாற்பது பேர் பிறகு மறுபடியும் திறந்து, தங்களுடையதைச் சரியாகப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் ஒரே தடவை திறந்திருக்கிறார். பன்னிரண்டு நாளுக்கு முன்னால். அவர் பார்த்தது பச்சை வட்டம். அவருடைய சொந்த வட்டம் சிவப்பு.

பரிசோதனைக் கூடத்தின் டாக்டரம்மாவிடம் மேலாளர் உடனே பேசினார். டாக்டரம்மா அந்த முடிவை எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் சம்பந்தப்பட்டது, தள்ளிப்போடக் கூடாது என்றார். பதிவிலிருந்த எண்ணுக்கு மூன்று தடவை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை. மாலையில் மறுபடி முயற்சி செய்கிறேன், கடிதமும் அனுப்புகிறேன் என்றார். நம் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று மேலாளர் பெருமூச்சு விட்டார்.

அண்ணனுக்கு அந்தப் பெயர் எங்கோ இடித்தது. அழைப்புகளை எழுதி வைக்கும் பதிவைப் புரட்டினார். இருந்தது. பன்னிரண்டு நாளுக்கு முன்னால், பத்தே கால். வேன் ஓட்டுநர். மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டிருந்தார், பாஸ்வேர்டு மறந்துபோய். உள்ளே போனதும், "பச்சையா ஒரு வட்டம் காட்டுது, நல்லாதானே இருக்குன்னு அர்த்தம்?" என்று கேட்டதும், "பச்சைன்னா பச்சைதாங்க, போய் வேலையைப் பாருங்க" என்று தான் சொன்னதும் நினைவுக்கு வந்தது. பதிவில் அதற்கு எதிரே தன் கையால் போட்ட குறிப்பு: தீர்ந்தது.

மாடிப்படியில் போய் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தார். எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா மாலையில் கூப்பிடுவார் என்பதையும் இரண்டு தடவை சொன்னார். கேலிக்குக் காத்திருந்தார். கேலி வரவில்லை.

"நல்லா இருக்குன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. இல்லைன்னும் நீங்கதான் சொல்லணும்" என்றார் மனைவி. "இப்பவே பண்ணுங்க. நான் வெக்கிறேன்."

அதே படியில் உட்கார்ந்தபடி ஓட்டுநரின் மனைவியுடைய எண்ணைக் கூப்பிட்டார். அந்தப் பெண் எடுத்து, யார் என்று கேட்டு, கணவரிடம் கொடுத்தார். தெரியாத எண் என்றால் அவர் எடுக்க மாட்டார் என்றும் சொன்னார்.

"என்ன சார், திரும்ப வெளியே போயிட்டு உள்ளே வரணுமா?" என்றார் ஓட்டுநர். நல்ல மனநிலையில் இருந்தார்.

"இல்லைங்க. அன்னைக்கு நீங்க பாத்தது உங்களோடது இல்லை. வேற ஒருத்தரோடது. தப்பு எங்க பக்கம்."

"வேற ஒருத்தரோடதுன்னா?"

"உங்களுக்கு முன்னால பாத்தவரோட முடிவு உங்களுக்கு வந்துடுச்சு. எங்க சர்வர்ல நான் ஒண்ணு செஞ்சு வெச்சேன், அதனால வந்தது. உங்க போன் மேல எந்தக் குத்தமும் இல்லை."

 ஓட்டுநர் குரலைத் தாழ்த்தினார். மனைவி பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்தது.

"அப்ப என்னோடது என்ன கலரு?"

அதைச் சொல்லும் உரிமை அண்ணனுக்கு இல்லை. சொல்லாமல் இருந்ததே பதிலாகிவிட்டது என்பதும் அவருக்குப் புரிந்தது.

"அது டாக்டர்தான் சொல்லணும். ஆனா நீங்க இன்னைக்கே போகணும். அவங்க உங்களுக்காகக் காத்துட்டு இருக்காங்க."

"பச்சைன்னா பச்சைதான்னு அன்னைக்குச் சொன்னது யாரு?"

"நான்தாங்க."

எதிர்முனையில் போன் வைக்கப்பட்டது. அண்ணன் திரும்பக் கூப்பிடவில்லை. நான்கு மணிக்கு டாக்டரம்மாவிடமிருந்து தகவல் வந்தது: வந்துவிட்டார், மனைவியும் கூட வந்திருக்கிறார்.

மறுநாள் பரிசோதனைக் கூடத்துக்கும், அந்த நாற்பத்தொரு பேருக்கும், அவர்களிடம் போய்ச் சேர்ந்த முடிவுகளுக்கு உரியவர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. மேலாளர் எழுதிக் கொண்டுவந்ததில், "சில பயனாளர்களின் பிரவுசரில் ஏற்பட்ட சிறு தொழில்நுட்பக் கோளாறு" என்று இருந்தது. அண்ணன் பேனாவை எடுத்து, பிரவுசரில் என்பதை அடித்துவிட்டு, எங்கள் சர்வரில் என்று எழுதினார். சிறு என்பதையும் அடித்தார்.

"பிரவுசர் மேல நான் ஏற்கெனவே நிறையப் பழி போட்டுட்டேன் மேடம். இது ஒண்ணையாவது விட்டுடலாம்."

"உங்க வேலைக்கே சிக்கல் வரலாம் அண்ணா."

"வந்தா பிரிண்டர் இருக்கு."

வேலை போகவில்லை. பரிசோதனைக் கூடத்திலிருந்து இரண்டு பேர் வந்து அரை நாள் விசாரித்தார்கள். ஒரு மாதம் வெப்சைட்டின் பக்கத்தில் மன்னிப்பு அறிவிப்பு இருந்தது. சர்வரைத் தொடும் அனுமதியை அண்ணனே திருப்பிக் கொடுத்துவிட்டார். முகப்பிலிருந்த கேக் படத்தை எடுக்கவில்லை. அதில் இருக்கும் வாயை அடிக்கடி பார்ப்பது நல்லது என்கிறார். தையல்கார அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு, நீங்கள் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு என்றார். அதற்கு அவர், போனை மாற்றாமல் இருந்தது நல்லதாய்ப் போச்சு என்று சொல்லிவிட்டு மெஷினை ஓட்டப் போய்விட்டார். வட்டத்துக்கு மேலே பெயரைப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று அண்ணன் கேட்டார். அழகு கெடும் என்றார்கள். தினமும் காலையில் போய்க் கேட்டார். பதினாறாம் நாள் போட்டுவிட்டார்கள்.

இப்போதும் அதே மருந்தைத்தான் கொடுக்கிறார். பெரும்பாலும் அது வேலை செய்யவும் செய்கிறது. ஆனால் மருந்துக்கு முன்னால், "என்ன தெரியுதோ அதை அப்படியே எனக்கு வாசிச்சுக் காட்டுங்க" என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். தீர்ந்தது என்று குறிப்பதில்லை. சரியாயிற்று என்று அவர்கள் சொன்னார்கள் என்று எழுதுகிறார். ஒரு நாளைக்கு அறுபது அழைப்பு எடுத்தவர், இப்போது நாற்பதுதான் எடுக்கிறார். அதற்காக வாராந்திரக் கூட்டத்தில் திட்டு வாங்குகிறார். தேநீரில் சர்க்கரை இல்லை. பிஸ்கட் விஷயம் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து ஒரு முற்பகலில் ஓட்டுநர் நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சட்டை சற்றுத் தளர்ந்திருந்தது. மருந்து, அளந்த சாப்பாடு, மாதா மாதம் ரத்தம் என்று போய்க்கொண்டிருந்தது. சிறுநீரகம் இனி கெடாமல் பிடித்து நிறுத்தியாயிற்று, பன்னிரண்டு நாளில் பெரிதாக ஒன்றும் போய்விடவில்லை, பன்னிரண்டு மாதம் ஆகியிருந்தால் வேறு பேச்சு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். போன் எடுக்கிற ஆள் யார் என்று வாசலில் கேட்டார். அண்ணன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். கன்னத்தில் ஒன்று விழுந்தாலும் வாங்கிக்கொள்வதாக மனதுக்குள் தயாராகியும் விட்டார்.

 ஓட்டுநர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், அதோடு ரத்தம் கொடுத்தபோது தந்த சீட்டையும். இரண்டையும் மேசைமேல் வைத்தார். திரையில் பச்சை வட்டம்.

"இன்னைக்கு வந்தது. நம்பிக் கொண்டாடலாமா வேண்டாமான்னு தெரியலை. வீட்ல உங்ககிட்ட காட்டிட்டு வரச் சொன்னா."

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சீட்டைத் திரைக்குப் பக்கத்தில் நேராக வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு வாய்விட்டு வாசித்தார்: பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சீட்டு எண்ணின் ஒன்பது இலக்கங்கள், ரத்தம் எடுத்த நாள். எல்லாம் ஒத்துப்போயின. போனை எடுத்து நீட்டினார். ஓட்டுநர் கையை நீட்டியபோது அதைக் கொடுக்காமல் தன் பக்கம் திருப்பி, மேசைமேல் வைத்து, மறுபடி பெயரிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.